கார் ஜிபிஎஸ்: ஓடவிடுவதா, அணைப்பதா? நீங்களே அளந்து முடிவெடுக்க ஒரு செய்முறை

15 நாள் வெளியூர் வேலை முடிந்து திரும்பிய மாமா, அன்று காலை போன் செய்தார். "மாப்ள, சாவியத் திருப்புனா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் எடுக்கவே இல்ல. பேட்டரி மாத்தி ஒரு வருசம்கூட ஆகலையே." போய்ப் பார்த்தேன். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வண்டி நிற்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தின் இருட்டில், ஒரு சின்ன நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அது ஜிபிஎஸ் டிராக்கர். பேட்டரியில் மீட்டர் வைத்தால் 11.4 வோல்ட். நல்ல பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும்.

"எப்பவும் ஓடிட்டே இருந்தாத்தான் சிக்னல் உடனே பிடிக்கும்னு மாட்டுனவர் சொன்னாரு" என்றார் மாமா. இதே பதிலைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் பேட்டரியைக் காலி செய்கிறது.

முதலில், அந்தப் பாதி உண்மை

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறேன் என்ற துல்லியக் கணக்கைத் தொடர்ந்து அனுப்புகிறது. அனுப்பும் வேகம் நொடிக்கு வெறும் 50 பிட். அதனால் ஒரு செயற்கைக்கோளின் கணக்கை முழுதாகக் கேட்டு வாங்க அரை நிமிடம் வரை ஆகும். இதோடு, எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கெங்கே இருக்கும் என்ற ஒரு பஞ்சாங்கமும் துண்டு துண்டாக வருகிறது. அது முழுதாக வந்து சேர 12.5 நிமிடம்.

பஞ்சாங்கம் வாரக்கணக்கில் உதவும். துல்லியக் கணக்கு ஏறக்குறைய 4 மணி நேரத்தில் பழசாகிவிடும். கடைக்குப் போய் அரை மணியில் திரும்பி வந்து கருவியைப் போட்டால், சில நொடிகளில் இடம் தெரிவது அதனால்தான். காலையில் ஆபீஸ் வாசலில் அணைத்துவிட்டு மாலையில் போட்டால் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஆக, பகல் முழுக்க ஓடவிட்டு நாம் மிச்சம் பிடிப்பது அந்த அரை நிமிடம்தான். மாமா வண்டிபோல பேஸ்மென்ட்டில் நின்றால் அதுவும் கிடையாது. அங்கே வானம் தெரியாது, புதுக் கணக்கு வந்து சேராது. கருவி இல்லாத சிக்னலைத் தேடித் தேடி மின்சாரத்தைச் செலவழிக்கும், அவ்வளவுதான்.

நினைவில் வைக்க வேண்டிய பஞ்சாங்கத்துக்கும் கடிகாரத்துக்கும் கருவிக்குள்ளேயே தனி பேட்டரி இருக்கிறது. அந்த வேலைக்குச் சில பத்து மைக்ரோ ஆம்பியர் போதும். அதற்குக் கார் பேட்டரி தேவையே இல்லை.

படி 1: உங்களிடம் இருப்பது எது?

வழி காட்டும் திரையுள்ள நேவிகேட்டரா, வண்டி எங்கே நிற்கிறது என்று போனுக்குச் சொல்லும் டிராக்கரா? நேவிகேட்டர் என்றால் தயங்காமல் அணைக்கலாம். டிராக்கர் திருட்டுக்காக வைப்பது. அதை அணைத்தால் வைத்த காரணமே போய்விடும், தூங்கவைக்கத்தான், அதாவது மிகக் குறைந்த கரண்டில் ஓடவிடத்தான் வேண்டும். டாக்ஸி, வேன், பஸ்ஸில் ஏஐஎஸ் 140 என்ற அரசுத் தரத்தின்படி மாட்டிய கருவி என்றால் அதன் வயரில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

படி 2: லைட்டர் சாக்கெட்டைச் சோதியுங்கள்

போன் சார்ஜரை சாக்கெட்டில் செருகி, சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். சார்ஜரின் விளக்கு அணைந்தால் நல்லது, நேவிகேட்டருக்கும் சாவியோடு கரண்ட் நின்றுவிடும். சில வண்டிகளில் சாவியை எடுத்தாலும் சாக்கெட்டில் கரண்ட் இருக்கும். அப்படியென்றால் இறங்கும்போது பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். 10 ஆம்பியர் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும்.

பானெட்டைத் திறந்து வையுங்கள். எல்லாக் கதவையும் மூடி, சாவியை எடுத்து, வண்டிக்கு வெளியே வாருங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று போட்ட துளைக்கு மாற்றுங்கள். நெகட்டிவ் டெர்மினலின் நட்டைத் தளர்த்தி கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரின் ஒரு முனையைக் கழற்றிய கேபிளிலும், இன்னொரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் கிளிப் போட்டு மாட்டுங்கள். வண்டி இழுக்கும் கரண்ட் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும். மீட்டர் மாட்டியிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் சாவி போடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பாசிட்டிவ் டெர்மினல் பக்கம் ஸ்பேனர் போகவே வேண்டாம்.

மாட்டியவுடன் பெரிய எண் காட்டும். பயப்படாதீர்கள், வண்டியின் மற்ற கருவிகள் அடங்க அரை மணி வரை ஆகும். மாமா வண்டியில் 25 நிமிடம் கழித்து 0.085-இல் நின்றது, அதாவது 85 மில்லி ஆம்பியர். பிறகு டிராக்கரின் ஃபியூஸைப் பிடுங்கினேன். சட்டென்று 0.022. இடையில் உள்ள 63 மில்லி ஆம்பியரும் டிராக்கர் குடித்தது. வண்டி தன் தேவைக்கு 50 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பது சாதாரணம்தான்.

கேபிளைக் கழற்றினால் வண்டிக் கடிகாரமும் ரேடியோ செட்டிங்கும் அழியலாம். ரேடியோவுக்கு கோட் உண்டென்றால் அதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கணக்குப் போடுங்கள்

ஆம்பியரை 24-ஆல் பெருக்குங்கள். 0.085 × 24, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). மாமாவின் பேட்டரி 35 ஆம்பியர் அவர். 15 நாளில் 30 போய்விட்டது. செல்ஃப் எடுக்காததில் என்ன ஆச்சரியம்! பாதிக்கு மேல் இறங்கினாலே ஈய அமில பேட்டரிக்குக் கெடுதல், அடிக்கடி இறங்கினால் ஆயுள் குறைந்துகொண்டே போகும். அதனால் பேட்டரியின் பாதி அளவை உங்கள் தினச்செலவால் வகுங்கள். அத்தனை நாள்தான் வண்டியை எடுக்காமல் விடலாம். மாமாவுக்கு 8 நாள். திரை எரியும் நேவிகேட்டர் கால் ஆம்பியர் எடுத்தால் மூன்றே நாள்.

படி 5: அணையுங்கள், அல்லது தூங்கவையுங்கள்

நேவிகேட்டரில் பொத்தானை ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் தூங்கும், சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் முழுதாக அணையும். இரவு மட்டும் என்றால் தூக்கம் போதும். நாலைந்து நாள் விடுவதென்றால் முழுதாக அணைத்து, கையோடு வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். சித்திரை வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியையும் தொடும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி அதில் உப்பிப் போகலாம்.

டிராக்கரில் பார்க்க வேண்டியது வயர். பேட்டரிக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, சாவி நிலையை அறிய ஏசிசி என்று இன்னொன்று. நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள். மாமா வண்டியில் அந்த மூன்றாவது வயரைச் சுருட்டி, கருப்பு டேப் ஒட்டி, அப்படியே விட்டிருந்தார்கள். வண்டி நின்றதே டிராக்கருக்குத் தெரியவில்லை, பிறகு எப்படித் தூங்கும்? ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்து, அதைச் சாவியோடு கரண்ட் வரும் லைனில் ஃபியூஸோடு சேர்த்தோம். மறுபடி அளந்தபோது மொத்தமே 27 மில்லி ஆம்பியர்.

படி 6: மறுபடி போடும்போது அரை நிமிடம் நில்லுங்கள்

அணைத்து வைத்தவர்கள் எரிச்சல் அடைவது இங்கேதான். கருவியைப் போட்டதும் வண்டியைக் கிளப்பிவிடுவோம். மரம், மேம்பாலம், உயரமான கட்டடம் என்று சிக்னல் நடுவில் அறுபடும். அறுந்த கணக்கு மறுபடி வர அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டே தேடினால் ஐந்து நிமிடம்கூட இழுக்கும். கேட்டுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் 40 நொடி நின்றால் பெரும்பாலும் பிடித்துவிடும். போனில் இந்தக் காத்திருப்பு தெரியாது, அது இதே கணக்கை இன்டர்நெட்டில் வாங்கிக்கொள்கிறது.

மாதக்கணக்கில் போடாத கருவியை, அல்லது அணைத்த நிலையில் வெகுதூரம் கொண்டுபோன கருவியை, திறந்தவெளியில் 15 நிமிடம் ஓடவிடுங்கள். பஞ்சாங்கம் புதிதாக இறங்கிவிடும். தினமும் போடும்போது தேதியே தப்பாக வந்தால் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி போய்விட்டது. சர்வீஸில் கொடுத்து மாற்றுங்கள், அதற்காகக் கருவியை இரவெல்லாம் ஓடவிட வேண்டாம்.

மாமாவின் பேட்டரியை இரவு முழுக்க மெதுவாக சார்ஜ் போட்டோம். மறுநாள் காலை 12.5 காட்டியது.