மைலேஜ் கரைவது பிரேக்கில்தான்

கார் மைலேஜ் தரவில்லை என்றதும் பலரும் வண்டியை நேராகச் சர்வீசுக்கு விடுகிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் வலது காலைக் கொஞ்சம் கவனியுங்கள்.

தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருக்கிறது. தெரிந்தும் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே போய், கிட்டே வந்ததும் பிரேக்கை அழுத்துகிறோம். எரிபொருளைச் செலவழித்துச் சேர்த்த வேகமெல்லாம் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. என்னைக் கேட்டால் எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது. சிவப்பைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுங்கள், வண்டி கியரிலேயே உருளட்டும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் (எரிபொருளை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் அமைப்பு) உள்ள கார்களில் அந்த நேரம் எரிபொருள் பெரும்பாலும் நின்றே போகும்; சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றவைக்கும். அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் வசதி டாஷ்போர்டில் இருந்தால் பாருங்கள், காலை எடுத்ததும் எண் சட்டென்று எகிறும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பது அந்த அமைப்பு வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும். அதைவிட முக்கியம், எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக்கிங் இல்லாமல் பிரேக் மட்டுமே பாரத்தைத் தாங்கிச் சூடேறும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100 கிலோமீட்டருக்குப் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். 50 கிலோமீட்டர் பயணத்தில் இதனால் கிடைப்பது ஏழரை நிமிடம்தான். கூரையில் காலி கேரியரை மாட்டிவைத்திருப்பதும் இதே கணக்கில்தான் வரும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

டயர் காற்றை ஓடிச் சூடான பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், சரியாக இருக்கிறது என்று ஏமாந்துபோவோம். கிளம்பும் முன் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

அப்புறம், காலையில் எஞ்சினை ஓடவிட்டு நின்றபடியே சூடாக்குவது வேண்டாம். அரை நிமிடம் போதும், மெதுவாக ஓட்டினாலே சீக்கிரம் சூடாகிவிடும். குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் என்பதால், அருகருகே உள்ள நாலு வேலைகளுக்கு நாலு முறை வண்டியை எடுக்காமல் ஒரே சுற்றில் முடித்துவிட்டு வாருங்கள்.