வீடியோ நேர்காணலில் தலையும் கண்ணும்

வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீடியோவில் நேர்காணலா? நம்மூர்த் தலையாட்டலைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் நமக்கு அது "சரி". அமெரிக்கரோ ஆங்கிலேயரோ "இல்லை" என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மேலும் கீழுமாக ஆட்டி, கூடவே "யெஸ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கண். பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை. அவர்களுக்கோ தயக்கமாகப் படலாம். திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசினாலும், நீங்கள் கீழே பார்ப்பதுபோலத்தான் அங்கே தெரியும். கேமரா திரைக்கு மேலே அல்லவா இருக்கிறது! லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிப் புத்தகங்களை அடுக்கி, கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் பழைய டெலிபோன் டைரக்டரியை வைத்தேன். பாவம், அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.