கார் சட்டென்று ஸ்டார்ட் ஆகவில்லையா? பார்ட்ஸ் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

"வண்டி எடுக்க மாட்டேங்குதுங்க" என்று மட்டும் சொல்லிப் பட்டறையில் விட்டால், முதலில் பேட்டரி மாறும், அப்புறம் பிளக், அப்புறம் பெட்ரோல் பம்ப். ஏதோ ஒன்றில் சரியாகிவிடும், ஆனால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது, பில் மட்டும் தெரியும். அதற்கு முன் நீங்களே இரண்டு விஷயம் கவனியுங்கள். சாவியைத் திருகும்போது என்ன சத்தம் வருகிறது? இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் அடம்பிடிக்கிறதா, இல்லை ஓடிச் சூடான வண்டி நிறுத்தி எடுக்கும்போது அடம்பிடிக்கிறதா? பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாக இழுக்கிறது, அல்லது டிக் டிக் என்று மட்டும் அடிக்கிறது என்றால் பெட்ரோல், பிளக் பக்கமே போக வேண்டாம், கரண்ட் பக்கம்தான் கோளாறு. வண்டிக்குள் இருக்கும் லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகுங்கள். லைட் செத்துப்போகிற மாதிரி மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல் (பேட்டரியில் கேபிள் மாட்டும் முனை). லைட் பளிச்சென்று எரிய, செல்ஃப் மட்டும் சத்தமே இல்லாமல் இருந்தால் ரிலே (கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்), சாவி சுவிட்ச், செல்ஃப் மோட்டார் இவற்றில் ஒன்று. சில வண்டிகளில் கிளட்ச்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃபே வேலை செய்யும், அந்த கிளட்ச் சுவிட்ச்சையும் மறக்க வேண்டாம்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. ஆனால் நின்ற வோல்ட்டை மட்டும் பார்த்துப் பேட்டரி நல்லது என்று முடிவு செய்யக் கூடாது, உயிர் போன பேட்டரியும் 12.5 காட்டும். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள், 9.6க்குக் கீழே விழுந்தால் அது சுமை தாங்கவில்லை. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும், வரவில்லையென்றால் புதுப் பேட்டரி போட்டாலும் ஒரு வாரம் தாங்காது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரைப் பாருங்கள். தாராபுரம், காங்கேயம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பேட்டரி உள்ளுக்குள் கெட்டுப்போவது அப்போது தெரியாது. மார்கழியில் ஊட்டிக்குப் போய் லாட்ஜ் வாசலில் ஒரு ராத்திரி நிறுத்தினால்தான் தெரியும், குளிரில் பேட்டரியின் சக்தி குறையும், ஆயிலும் கெட்டியாகும், இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

பேட்டரி நன்றாக இருந்தும் இழுக்கவில்லையா? டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் மைனஸ் கேபிளைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவித் தேய்த்து, காய்ந்தபின் இறுக்கி மாட்டுங்கள். அப்புறம் எர்த், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் கேபிள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் கேபிளில்தான் கோளாறு. நன்றாக இருக்கும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கொடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேபிளைப் பார்க்காததால்தான்.

இனி இரண்டாவது வகை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. டாஷ்போர்டில் சாவி படம் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லையென்றால் வண்டியை எடுக்க விடாத திருட்டுத் தடுப்பு), மாற்றுச் சாவியில் முயலுங்கள். பெட்ரோல் வண்டியென்றால் சாவியை ஆன் மட்டும் செய்து பின் சீட் பக்கம் காதைக் கொடுங்கள், பம்ப் உய்ங் என்று இரண்டு விநாடி ஓடும். ஓடவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஓடுகிறது, ஆனால் காலையில் நீட்டி அடித்தால்தான் எடுக்கிறது என்றால், மூன்று முறை ஆன் ஆஃப் செய்துவிட்டு அடித்துப் பாருங்கள். உடனே பிடித்தால் லைனில் பிரஷர் இரவில் இறங்கிவிடுகிறது. எடுத்ததும் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் பாகம்) சொட்டுகிறது, வராவிட்டால் பம்ப்பில் இருக்கும் வால்வைச் சந்தேகப்படலாம். அடித்து அடித்துப் பிளக் நனைந்துபோயிருந்தால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், நிறைய வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், அரை நிமிடம் விட்டு அடியுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் கருகிவிடும்.

சூட்டில் மட்டும் படுத்தும் வண்டி வேறு கதை. மேட்டுப்பாளையத்தில் ஏறி மலைப்பாதையில் பர்லியாரில் டீக்கு நிறுத்தினால் எடுக்காது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கும். முதல் சந்தேகம் கிராங்க் சென்சர், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சர். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் சொருகி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) பாருங்கள். இன்ஜின் சுற்றும்போதும் அங்கே பூஜ்ஜியம் என்றால் சென்சர், அல்லது அதன் வயர். தோட்டத்துச் சாளையில் நிறுத்தும் வண்டியென்றால் வயரையே முதலில் பாருங்கள், எலி கடித்திருக்கும். அதே ஸ்கேனரில் காலையில் எடுக்கும் முன் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் ஒப்பிடுங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினுக்கு 80 டிகிரி என்று சென்சர் பொய் சொன்னால், தேவையான பெட்ரோல் கிடைக்காமல் வண்டி திணறும்.

டீசலுக்குப் புகையைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம், ஹீட்டர் பிளக்கையோ (எடுக்கும்போது சிலிண்டரைச் சூடாக்குவது) கம்ப்ரஷனையோ (சிலிண்டரில் காற்று அழுத்தப்படுவது) பாருங்கள். கோவை, திருப்பூர் சூட்டில் ஹீட்டர் பிளக் போனதே தெரியாது, மலையில்தான் தெரியும். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை: ஃபில்டர் அடைப்பு, ஃபில்டரில் தண்ணீர், அல்லது லைனில் ஏர் எடுக்கிறது. எல்லாம் சரியென்றால் ஸ்கேனரில் ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில் உள்ள அழுத்தம்) பாருங்கள், அந்தக் குழாய் உள்ள காமன் ரயில் இன்ஜின்களில் பெரும்பாலானவை 200 பார் அழுத்தத்துக்குப் பக்கமாவது ஏறாமல் பிடிக்காது. ஏறவில்லையென்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் (இன்ஜெக்டரிலிருந்து எவ்வளவு டீசல் திரும்பி வழிகிறது என்று பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள், அது பட்டறை வேலை. ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்குள் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கும் ஆளிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள், சூடான பிளக்கில் பட்டால் உள்ளேயே வெடிக்கும். ஸ்கேனரில் வந்த எரர் கோட் எண்ணை அழித்துவிடாமல், போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.