மெத்தில் ஓலியேட் தண்ணீரில் மக்குமா? 28 நாள் பாட்டில் சோதனை

புங்க எண்ணெய் பயோடீசலில் ப்ராஜெக்ட் செய்கிற பலரும் "இது எளிதில் மக்கும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நிரூபிக்கப் போய் இரண்டு முறை கோட்டை விட்டேன். மூன்றாவது முறை சரியாக வந்தது இப்படித்தான்.

நான் பின்பற்றியது ஓஇசிடி (OECD) அமைப்பின் மக்கும்தன்மைச் சோதனைகளில் ஒன்றான 301எஃப் முறை. நுண்ணுயிரிகள் எஸ்டரை (பயோடீசலின் முக்கியப் பொருளான மெத்தில் ஓலியேட்டை) தின்னத் தின்ன ஆக்சிஜன் குறையும். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காரம் உறிஞ்சிக்கொள்வதால் அழுத்தம் இறங்கும். மூடியில் உள்ள மீட்டர் அதைக் குறித்துக்கொள்ளும். 301டி மூடிய பாட்டில் முறை மலிவுதான். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு 9 மி.கி. போல என்பதால், எஸ்டரை 2 மி.கி.க்கு மேல் அதிகம் போட முடியாது. 300 மி.லி. பாட்டிலுக்கு 0.6 மி.கி. எண்ணெயை எடைபோட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். என் ஓட்டு, அழுத்தத்தை அளக்கும் மீட்டர் உள்ள ஆக்ஸிடாப் வகை மூடிக்குத்தான்.

1. கணக்கு

பயோடீசலை நேராகப் போடாதீர்கள். அதில் மிச்சமிருக்கும் மெத்தனாலும் கிளிசரினும் குழப்பும். முதலில் சுத்தமான மெத்தில் ஓலியேட். அதில் கார்பன் 19, ஹைட்ரஜன் 36, ஆக்சிஜன் 2. முழுதாக எரிய 19 + 9 − 1 = 27 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். அவற்றின் எடை 864ஐ எஸ்டரின் மூலக்கூறு எடை 296.5ஆல் வகுத்தால், 1 மி.கி. எஸ்டருக்கு 2.91 மி.கி. ஆக்சிஜன். லிட்டருக்கு 100 மி.கி. போட்டால் 291. அதனால் மீட்டரில் லிட்டருக்கு 0–400 மி.கி. வரம்பு, பாட்டிலில் 164 மி.லி. திரவம், 16.4 மி.கி. எஸ்டர்.

2. ஸ்லட்ஜ்

நுண்ணுயிரிகள் நிறைந்த சேறான இதை, வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்குங்கள். எண்ணெய் ஆலைக் கழிவு வரும் இடம் வேண்டாம். அங்குள்ள கிருமிகள் ஏற்கெனவே எஸ்டர் தின்று பழகியவை. கனிமக் கரைசலில் 5 முதல் 7 நாள் காற்று விட்டு வைத்தால் ப்ளாங்க் (எஸ்டர் போடாத ஒப்பீட்டுப் பாட்டில்) காட்டும் ஆக்சிஜன் செலவு அடங்கும். லிட்டருக்கு 30 மி.கி. திடப்பொருளைத் தாண்டக்கூடாது.

3. எஸ்டரை உள்ளே சேர்ப்பது

நான் மாட்டியது இங்கேதான். எஸ்டர் தண்ணீரில் கரையாது, மிதக்கும். முதல் முறை 0.1 மி.லி. அசிட்டோனில் கரைத்து ஊற்றினேன். அசிட்டோனும் கிருமிக்குச் சாப்பாடு என்பது உறைக்கவில்லை. 16.4 மி.கி. எஸ்டர் கேட்பது 48 மி.கி. ஆக்சிஜன், அந்தத் துளி அசிட்டோன் கேட்பதோ 170க்கும் மேல். மீட்டர் வரம்பைத் தாண்டிப் போய்விட்டது.

இரண்டாவது முறை பிப்பெட்டால் நேராக விட்டேன். பாதி கழுத்துப் பகுதியில் ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது.

தீர்வு சப்பென்று இருக்கும்: சின்ன கண்ணாடி இழை வடிதாள் துண்டில் எஸ்டரை எடைபோட்டு, துண்டோடு பாட்டிலுக்குள் போடுங்கள். ப்ளாங்கிலும் அதே அளவு வெறும் துண்டு. கலக்கும் காந்தம் மெதுவாகச் சுற்றட்டும். வேகம் கூடினால் எண்ணெய் சுவரில் ஏறிவிடும். "ட்வீன் 80 (எண்ணெயைத் தண்ணீரில் கலக்க உதவும் பொருள்) போட்டால் கலந்துவிடுமே" என்பார்கள். அதுவே ஓலிக் அமிலத்தின் எஸ்டர்தான் ஐயா, கிருமி அதையும் தின்னும்!

4. ஓட்டம்

பாட்டில்கள்: ப்ளாங்க் 2, எஸ்டர் 2, சோடியம் பென்சோயேட் (எளிதில் மக்கும் என்று தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) 1. ரப்பர் குப்பியில் காரக் குளிகைகள். ஒன்றுகூடத் தண்ணீரில் விழக்கூடாது. இருட்டில், 22 டிகிரியில், 28 நாள்.

5. முடிவு

எஸ்டர் அளவீட்டிலிருந்து ப்ளாங்கைக் கழித்து 291ஆல் வகுங்கள். 10 சதவீதத்தைத் தொட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் 60ஐ எட்டினால் 'எளிதில் மக்குவது'. பென்சோயேட் 14 நாளுக்குள் 60 தொடாவிட்டால் ஸ்லட்ஜ் சரியில்லை, மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: அளவீடு திடீரென்று இறங்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கரண்ட் போனதா என்று பாருங்கள். இன்குபேட்டர் 1 டிகிரி சூடானாலே அழுத்தம் ஏறி, இந்த அளவு பாட்டிலில் லிட்டருக்குச் சுமார் 10 மி.கி. குறைவாகக் காட்டும். குளிர்ந்ததும் தானே சரியாகும். சரியாகாவிட்டால் கசிவு, ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்.

நைட்ரிஃபிகேஷனை (அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை) தடுக்க ஏடியூ (அல்லைல் தயோயூரியா) போடவேண்டுமா என்று இன்னொரு கேள்வி. கரைசலில் அம்மோனியம் குளோரைடு லிட்டருக்கு 5 மி.கி. தான், அது முழுதும் நைட்ரேட் ஆனாலும் 6 மி.கி. ஆக்சிஜன். அதே அளவு ப்ளாங்கிலும் இருக்கிறது. நான் போடுவதில்லை.