ஏற்புரையா, நன்றியுரையா?

சித்தப்பாவின் பணி நிறைவு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க மார்த்தாண்டத்தில் கொடுத்திருந்தோம். புரூஃப் வந்தது. கடைசி வரியில் 'நன்றியுரை' என்று போட்டு, பக்கத்தில் சித்தப்பாவின் பெயர்! விழா நாயகரே மைக்செட்காரருக்கும் பந்தல்காரருக்கும் நன்றி சொல்லவா?

பாராட்டப்படுபவர் பேசுவது ஏற்புரை. வாழ்த்தையும் பொன்னாடையையும் ஏற்றுக்கொண்டு பதிலாகப் பேசுவதால் அந்தப் பெயர். மலையாளத்தில் 'மறுபடிப் பிரசங்கம்', அதாவது பதில் பேச்சு என்பார்கள். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கத்து ஆட்களுக்கு அப்படிச் சொன்னால் சட்டென்று புரியும். நன்றியுரை என்பது விழா நடத்துகிறவர்கள் சார்பில் ஒருவர் கடைசியில் சொல்வது. ஆகவே அழைப்பிதழில் வாழ்த்துரை, அப்புறம் ஏற்புரை, கடைசியாக நன்றியுரை என்று வரட்டும்.

எழுத்திலும் கவனம் வேண்டும். பேனரில் பாதிப் பேர் 'ஏற்ப்புரை' என்றே அடிக்கிறார்கள். ற் என்ற மெய்க்குப் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது. ஏற்பு + உரை, அவ்வளவுதான். 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' எல்லாம் இதே தவறுதான்.

சரி, ஏற்புரையில் என்ன பேசுவது? வாழ்த்தியவர்கள் சொன்னதில் ஒன்றிரண்டைத் தொட்டு, "நீங்கள் சொன்ன அந்தப் பழைய சைக்கிள் இன்னும் வீட்டில் நிற்கிறது" என்கிற மாதிரி பதில் சொன்னாலே சபை கலகலத்துவிடும். ஐந்து நிமிடம் தாராளம். அதற்கு மேல் போனால் பந்தியில் இலை போட்டுவிடுவார்கள், கேட்க ஆள் இருக்காது.