கொழும்பிலிருந்து வெளிநாட்டுக் கல்விக்கு: பாடநெறியைத் தெரிவதும் பணத்தைக் கணக்கிடுவதும்

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு வீட்டில் பிள்ளை வெளிநாட்டில் படிப்பதைப் பற்றிய பேச்சு எழுந்தால், முதலில் வருவது "எந்த நாடு?" என்ற கேள்விதான். "முடித்து வெளியே வர மொத்தம் எவ்வளவு?" என்ற கேள்வி பெரும்பாலும் அனுமதிக் கடிதம் கையில் கிடைத்த பின்னரே எழுகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 2022 மார்ச் மாதத்தில் ரூபாயின் பெறுமதி மிதக்க விடப்பட்டு, 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்திற்குள் ஏறத்தாழ 360 ரூபாயைத் தொட்டபோது, என் தம்பி வெளிநாட்டில் இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தான். அப்பா ரூபாயில் ஒதுக்கி வைத்திருந்த தொகை, அவன் கட்ட வேண்டிய கட்டணத்தில் பாதிக்குச் சற்று அதிகமான பகுதிக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. தொடங்குவதற்கான பணம் எங்களிடம் இருந்தது. முடிப்பதற்கான பணத்தை நாங்கள் ஒருபோதும் கணக்கிட்டிருக்கவில்லை.

படி 1: எந்த வகைப் படிப்பு என்பதை முடிவு செய்யுங்கள்

வெளிநாட்டுக் கல்வி என்பது ஒரே வகையானதன்று. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஊடாக ஒரு செமஸ்டர் மட்டும் சென்றுவரும் பரிமாற்றத் திட்டங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலும் அங்கு கல்விக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் போன்ற திட்டத்தின் கீழ் சென்றால் வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை கிடைக்கும். உங்கள் பீடத்தின் சர்வதேச விவகாரப் பிரிவில் எந்தப் பல்கலைக்கழகங்களுடன் ஒப்பந்தம் உள்ளது என்று நேரில் கேளுங்கள்.

அடுத்தது, முதல் ஓரிரு ஆண்டுகளைக் கொழும்பில் படித்துவிட்டு இறுதி ஆண்டுகளுக்கு வெளிநாடு செல்லும் இடமாற்று முறை. அந்நியச் செலாவணியில் செலவிடும் காலம் குறைவதால் இது நடுத்தரக் குடும்பங்களுக்குப் பொருத்தமானது. ஆயினும் இங்கு படித்த எந்தெந்தப் பாடங்களை அங்கு ஏற்றுக்கொள்வார்கள் என்பதை அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இங்குள்ள நிறுவனத்தின் வாய்மொழி உறுதி போதாது.

மூன்றாவது, முழுப் பட்டத்தையும் வெளிநாட்டில் படிப்பது. இங்கு என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். உயர்தரப் பெறுபேற்றின் மூலம் அரச பல்கலைக்கழகத்தில் விருப்பமான துறையில் இடம் கிடைத்திருந்தால், கல்விக் கட்டணமற்ற அந்த முதற்பட்டத்தை இங்கேயே முடித்துவிட்டு முதுகலைக்கு வெளிநாடு செல்வதே நல்லது. முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில்களில் மிகப் பெரும்பாலானவை முதுகலை மட்டத்திலேயே உள்ளன.

படி 2: பட்டம் எங்கு செல்லுபடியாகும் என்று பாருங்கள்

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இலங்கையில் பணிபுரிய வேண்டுமானால், இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்த நிறுவனத்தில் பட்டம் பெற்றிருப்பதோடு, இங்கு திரும்பி வந்து பதிவுக்கான பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். பொறியியலைத் தெரிபவர்கள் அப்பாடநெறி, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் தரச்சான்று பெற்றதா என்று பார்க்க வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் அவ்வுடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றுள்ளது. ஏனைய துறைகளுக்கு, கொழும்பு 7 வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தைப் பணம் கட்டுவதற்கு முன்னரே விசாரியுங்கள்.

படி 3: மொத்தச் செலவை ரூபாயில் எழுதுங்கள்

ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, போக்குவரத்து, மருத்துவக் காப்புறுதி, வீசாக் கட்டணம், விமானச் சீட்டு, மொழித்தேர்வு, ஆவணச் செலவு ஆகியவற்றை அந்நாட்டு நாணயத்திலும் ரூபாயிலும் அருகருகே எழுதுங்கள். பல்கலைக்கழக இணையத்தளத்தில் முதலாம் ஆண்டுக் கட்டணமே பெரிதாகக் காட்டப்படும்; பல இடங்களில் அது ஆண்டுதோறும் உயரும் என்பது விதிமுறைகளுக்குள்ளே எழுதப்பட்டிருக்கும். அந்த வரியைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

ஜேர்மனியை உதாரணமாகக் கொள்வோம். அங்குள்ள பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஸ்டுட்கார்ட், ஹைடல்பேர்க் போன்ற நகரங்கள் உள்ள பாடன் வுர்ட்டம்பேர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ செலுத்துகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் அறவிடத் தொடங்கியது. எனவே "ஜேர்மனியில் இலவசம்" என்று கேள்விப்பட்டதை அப்படியே நம்பாமல் பல்கலைக்கழகம் வாரியாகப் பாருங்கள். கட்டணம் இல்லாவிட்டாலும், வீசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கப்பட்ட கணக்கொன்றில் முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும். 2024 செப்டெம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. அது உங்கள் பணமே. அங்கு சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பும். கணக்குக்காக ஒரு யூரோவை 350 ரூபாய் என்று வைத்தால் அது 41,66,400 ரூபாய். ரூபாய் தளர்ந்து யூரோ 420 ஆனால் அதே தொகை 49,99,680 ரூபாயாகும். இடையிலுள்ள எட்டு லட்சத்து சொச்சம் ரூபாயை எங்கிருந்து எடுப்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டுமே அந்தத் திட்டம் உங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியானது. நாணயமாற்று வீதத்தை இருபது சதவீதம் கூட்டி மறுபடி கணக்கிடாத எந்தத் திட்டத்தையும் முடிந்த திட்டமாகக் கொள்ளாதீர்கள்.

நாடுகள் கேட்கும் தொகையும் நிலையாக நிற்பதில்லை. வாழ்க்கைச் செலவுக்காகக் கனடா நீண்ட காலம் கேட்டுவந்த 10,000 கனேடிய டொலர், 2024 ஜனவரியில் 20,635 ஆயிற்று. அவுஸ்திரேலியா 2023 ஒக்டோபரில் 24,505 அவுஸ்திரேலிய டொலரும் 2024 மே மாதத்தில் 29,710 டொலரும் கேட்டது. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் இணையத்தளத்தில் உள்ள தொகையே உங்களுக்கு உரியது. சென்ற ஆண்டு போன நண்பர் சொன்ன தொகை உரியதன்று.

படி 4: பணம் வரும் வழிகளைப் பிரித்துப் பாருங்கள்

முதலில் புலமைப்பரிசில். இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்காக வழங்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் முதற்பட்டத்துக்கும், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுகலைக்கும், ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரியவை. ஜப்பானிய அரசின் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள தூதரகத்தின் ஊடாக முதற்பட்ட மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். முதுகலைக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டுப் பாடநெறிகள் மாதம் 1,400 யூரோ வழங்குகின்றன. அவற்றுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கோரப்படுகின்றன. பிரித்தானிய அரசின் செவெனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் தேவைப்படுவதால், பட்டம் முடித்த கையோடு அதை நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்தது உறவினர். "லண்டனில் சித்தப்பா காசு காட்டுவார்" என்பது எங்கள் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் வார்த்தை. பிரித்தானிய மாணவர் வீசாவில் அந்தக் காசு சித்தப்பாவின் கணக்கில் இருந்தால் செல்லுபடியாகாது. அது உங்கள் கணக்கிலோ, பெற்றோர் அல்லது சட்டபூர்வப் பாதுகாவலர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாட்கள் இருக்க வேண்டும். அந்த 28 ஆவது நாள் விண்ணப்பத் திகதிக்கு முந்திய 31 நாட்களுக்குள் விழ வேண்டும். ஒரே ஒரு நாள் தொகை குறைந்தாலும் வீசா மறுக்கப்படலாம். ஆகவே சித்தப்பாவின் உதவியை முன்கூட்டியே கேட்டு, உரிய கணக்குக்கு மாற்றுங்கள்.

வங்கிக் கடன் எடுத்தால், மாதத் தவணையைப் பெற்றோரின் ஓய்வூதிய ஆண்டோடு பொருத்திப் பாருங்கள். ஊரிலுள்ள காணியை ஈடு வைப்பதற்கு முன், படிப்பு ஓராண்டு நீண்டால் என்ன செய்வது என்பதைக் குடும்பமாக இருந்து பேசுங்கள். பகுதிநேர வேலையின் வருமானத்தை மட்டும் உங்கள் கொப்பியில் கல்விக் கட்டணத்துக்கு எதிரே எழுதாதீர்கள். பிரித்தானியாவில் பட்டப் படிப்பு மாணவர்கள் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலமும், அவுஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலமுமே வேலை செய்யலாம். அது சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் உதவும், கட்டணத்தைத் தாங்காது.

படி 5: ஆவணங்கள்

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். எங்கள் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: தகப்பனார் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலிலும், கடவுச்சீட்டில் இன்னொன்றிலும், பரீட்சைச் சான்றிதழில் வெறும் முதலெழுத்தாகவும் இருக்கும். விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டு, தேவைப்பட்டால் ஒரே நபர் என்பதற்கான சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித்தேர்வின் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். மிக முந்தி எழுதிவிட வேண்டாம்.

படி 6: முகவரும் முதற்கட்டணமும்

கொள்ளுப்பிட்டியிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள கல்வி முகவர்கள் பலர் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை; அவர்களுக்குப் பல்கலைக்கழகமே தரகு தருகிறது. தரகு தராத பல்கலைக்கழகங்களை அவர்கள் உங்கள் முன் வைக்காமல் போகலாம் என்பதால், உங்கள் பட்டியலை நீங்களே தயாரித்துக்கொண்டு, விண்ணப்ப வேலைக்கு மட்டும் அவர்களை நாடுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே வங்கி ஊடாக அனுப்புங்கள். வீசா மறுக்கப்பட்டால் வைப்புத்தொகையில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்ற பந்தியை அனுப்புவதற்கு முன்னரே வாசித்து, அதன் பிரதியொன்றை அனுமதிக் கடிதத்தோடும் கட்டண விபரத்தோடும் சேர்த்துப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அடுத்த தவணைக்குப் பணம் அனுப்ப வங்கிக்குப் போகப்போகிறவர்கள் அவர்கள்தான்.