காலில் நீலக் கோடுகளா? ஊசிக்கு முன் ஸ்கேன்

ரத்தநாளப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், டீச்சர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்று எங்கள் ஓ.பி.க்கு வருகிறவர்கள் முட்டிக்குப் பின்னால் படர்ந்த நீலக் கோடுகளைக் காட்டி, "சிஸ்டர், இது லேசர்ல போயிடுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

முதலில் ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். சிலந்தி வலைபோலப் படரும் இந்தக் கோடுகள் 1 மில்லிமீட்டரைவிட மெல்லியவை, பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆனால் உள்ளே பெரிய நாளத்தில் வால்வு பழுதாகி, மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே இறங்கினால், அந்த அழுத்தம் இவற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டு வெளியே தெரியும் கோடுகளுக்கு மட்டும் அவற்றை மறைய வைக்கும் ஊசி போட்டால் அவை திரும்ப வரும், பணம்தான் போகும். மாலையானால் கால் கனப்பது, வீங்குவது, கணுக்கால் பக்கம் தோல் கறுப்பது இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். நிற்கவைத்து எடுப்பார்களா என்று கேளுங்கள். படுத்திருக்கும்போது அந்தப் பின்னோட்டம் சரியாகப் பிடிபடாது.

உள்ளே கோளாறு இல்லையென்றால் காலுக்கு முதல் தேர்வு ஸ்கெலிரோதெரபி ஊசி. பாலிடோகனால் போன்ற மருந்தை மிக நுண்ணிய ஊசியால் நாளத்துக்குள் செலுத்துவார்கள். உட்சுவர் ஒட்டிக்கொள்ளும், பிறகு உடலே மெல்ல அதை உறிஞ்சிவிடும். மயக்கமருந்து வேண்டாம், சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். முடிந்ததும் நடக்கச் சொல்வோம். டாக்டர் சொன்ன நாள்வரை ஸ்டாக்கிங், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான காலுறை, போட வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்து நிற்காதீர்கள். முதலில் கன்றிப்போய் இன்னும் மோசமாகத் தெரியும். பலருக்கு ஒரு தடவையில் முடியாது, சில வாரம் இடைவெளி விட்டுத் திரும்பப் போட வேண்டியிருக்கும். சிலருக்குப் பழுப்புக் கறை விழும். அது மங்க மாதங்கள் ஆகும், நம் மாநிறத்தில் பளிச்சென்று தெரியும்.

ஊசி நுழையாத அளவு மெல்லிய கோடுகளுக்கும், மருந்து ஒவ்வாதவர்களுக்கும் லேசர். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு கூடியது. எந்த லேசர் என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.

கர்ப்பிணிகள் பிரசவம்வரை பொறுங்கள், பல கோடுகள் தானாகவே மங்கிவிடும். முன்பு ரத்தம் உறைந்ததுண்டா, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை மறைக்காதீர்கள். சர்க்கரையால் பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறுக்கமான ஸ்டாக்கிங் போடக் கூடாது. கிரீம் தடவி எந்தக் கோடும் போகாது.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடையில் வேலை பார்க்கும் தங்கச்சிகளுக்கு ஒன்று. ஊசி போட்ட பிறகும் புதுக் கோடுகள் வரலாம். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. நாற்காலி இல்லையென்றால் சேர்ந்து போய்க் கேளுங்கள்.